கொதித்தாலும் போகாத நஞ்சு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் காதுகுத்து விசேஷம். காலையில் வடித்த சோறு அண்டாவில் மிஞ்சிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் மூடி வைத்தார்கள். இரவு அதையே கிளறிச் சூடாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்திற்குள் பிள்ளைகளுக்கு வாந்தி. "ஆவி பறக்கச் சூடு பண்ணித்தானே ஐயா போட்டேன்!" என்று அந்தத் தாய் அழுதது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அவர் சொன்னது பொய்யல்ல. பிறகு ஏன் வாந்தி வந்தது?

கிருமி வேறு, அது கக்கும் நஞ்சு வேறு. தேளை அடித்துக் கொன்றுவிட்டால் ஏறிய விஷம் இறங்கிவிடுமா?

உணவிலேயே ஊறும் நஞ்சு

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால், முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்பது இன்னொரு கிருமி. சமைப்பவரின் கைப்புண், சீழ்க்கட்டி, மூக்குச்சளி வழியாக உணவில் சேரும். இவ்விரண்டின் வாந்தி நஞ்சும் அரை மணி நேரம் கொதித்தாலும் அழியாது. சாப்பாடு பார்க்க நன்றாகவே இருக்கும், வாசனையும் மாறாது. சாப்பிட்ட சுமார் ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கும்.

குடலில் ஊறும் நஞ்சு

காலரா போன்ற கிருமிகள் அசுத்தத் தண்ணீர், ஈ மொய்த்த பண்டம் மூலம் வயிற்றுக்குள் போய், அங்கே நஞ்சைச் சுரக்கின்றன. காலரா பேதிக்கு இந்த நஞ்சுதான் காரணம் என்று 1959-இல் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே காட்டினார். உடம்பிலுள்ள உப்பையும் தண்ணீரையும் இது குடலுக்குள் இறைத்துவிடும். பிள்ளை வாடிப்போவது இதனால்தான்.

ஆனால் உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த தண்ணீரைக் குடல் அப்போதும் உறிஞ்சிக்கொள்ளும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார்.

வாந்தி பேதி கண்டால்

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். பொட்டலம் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். 24 மணி நேரம் கழிந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். "பேதிக்குப் பட்டினி போடணும்" என்பது தவறு. பேதியாகும் பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரையை, சுகாதார செவிலியர் சொல்லும் அளவில், 14 நாள் கொடுங்கள்.

கண் குழிவிழுதல், சிறுநீர் போகாமை, மயக்கம், மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வராமல் காக்க

அளவாக உலை வையுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்திற்குள் சாப்பிட்டுவிடுங்கள். சமைக்குமுன்னும் கொல்லைக்குப் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மனைவிக்குக் கையில் புண்ணா? அது ஆறும்வரை கணவர் கரண்டியைப் பிடிக்கட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனசு வராதுதான். ஆனால் சோறு போனால் நாளைக்கு வடித்துக்கொள்ளலாம். பிள்ளை போனால்?