காசிமேட்டு பசங்களும் ஜனாதிபதி விருது வாங்கலாம்! சாரணர் படிகளில் ஏறுவது எப்படி?

சென்னை:-

"சாரணர்ல சேர்ந்து என்னப்பா பிரயோஜனம்? படிப்பு கெட்டுப் போயிடாதா?"

பிள்ளை பள்ளியில் கொடுத்த சாரணர் படிவத்தை நீட்டியதும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். காலையில் கொடியேற்றத்துக்கு நிற்பதும், விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும்தான் சாரணர் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். விஷயம் அதோடு முடிவதில்லை. இது படிக்கட்டு மாதிரி. ஏறினால் கடைசிப் படியில் குடியரசுத் தலைவர் விருது!

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயது முடிந்தவர்கள் சாரணர் ஆகலாம். அதற்கும் சின்னப் பசங்களுக்கு குருளையர் பிரிவு இருக்கிறது. முதல் படி 'பிரவேஷ்'. உறுதிமொழி, சாரணர் சட்டம், வணக்கம், இடது கை குலுக்கல் எல்லாம் இதில் வரும். தினமும் ஒரு நல்ல காரியம் செய்து டைரியில் எழுத வேண்டும். அப்புறம் பிரதம் சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான். சோபான் என்றாலே படி என்றுதான் அர்த்தம். அதற்கு மேலே ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார். உச்சியில் ராஷ்டிரபதி விருது.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இத்தனை மாதம் என்று கணக்கு உண்டு. அவசரப்பட்டுத் தாவ முடியாது. அதனால் 6-ம் வகுப்பிலேயே சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். 9-ம் வகுப்பில் வந்து "எனக்கும் ராஷ்டிரபதி விருது வேணும் சார்" என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வலையிலேயே இருக்கு பாடம்!

பரீட்சையில் பல பசங்களைத் திணறடிப்பது முடிச்சுகள். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், க்ளோவ் ஹிட்ச், போலைன்... பெயரைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் வடசென்னைக்காரனுக்கு இதில் என்ன பயம்? தடித்த கயிறையும் மெல்லிய கயிறையும் இணைக்கும் ஷீட் பெண்ட் முடிச்சும், மீன் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் விழும் முடிச்சும் அமைப்பில் ஒன்றுதான். காசிமேட்டில் வலை பின்னும் தாத்தா ஒருவர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஒரு அணியே கற்றுக்கொள்ளும். கம்பத்தில் கயிறு கட்ட க்ளோவ் ஹிட்ச், நழுவாத வளையம் போட போலைன். படகுக்காரர் கைக்கு இதெல்லாம் சர்வ சாதாரணம். கட்டுத் துணியை முடிய ரீஃப் நாட். அது தட்டையாக உட்காரும், காயத்தில் உறுத்தாது.

முதலுதவியும் அப்படித்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு தெருவுக்கு ஓடி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூச்சுத் திணறி பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாயு வரும் பாதைக்குக் குறுக்கே விலகிப் போகணும், ஈரத்துணியால் மூக்கைப் பொத்தணும் என்று தெரிந்த ஒரு பையன் வீட்டில் இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்! திசை பார்ப்பது, கட்டுப் போடுவது, ஆளைத் தூக்கிச் செல்வது எல்லாமே சாரணர் பாடம்தான். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபே அவசரத்துக்கு முக்கோணக் கட்டுத் துணி ஆகிவிடும்.

பெரியவங்க வந்தாத்தான் நடக்கும்

பசங்க பாதியில் நின்றுபோவதற்கு பசங்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. சாரண ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் பாடமும் நடத்திக்கொண்டு, சம்பளம் இல்லாமல் இதையும் பார்ப்பவர். அவர் மாறுதலாகிப் போனால் படையே கலைந்துவிடும். ஆரம்பப் படிகளை அவரே பார்த்துக்கொள்வார். மேலே போகப் போக மாவட்டம், மாநிலம், தேசிய அளவில் சோதனை முகாம். அங்கே லாக் புக்கை கேட்பார்கள். தேதியும் கையெழுத்தும் ஒழுங்காக இல்லையென்றால் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சிக்கல்தான்.

இங்கேதான் பெற்றோரும் பழைய சாரணர்களும் கை கொடுக்க முடியும். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா முதலுதவி சொல்லித் தரலாம். தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் இருப்பவர் தீ பற்றினால் என்ன செய்வது என்று காட்டலாம். ஒன்றும் தெரியாதா? லாக் புக்கை மாதம் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், அதுவே உதவி. முழு நேர ஆர்வம் இருந்தால் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, ஹிமாலய உட் பேட்ஜ் என்று பெரியவர்களுக்கும் தனிப் படிக்கட்டு இருக்கிறது.

சென்னைக்கும் இந்த இயக்கத்துக்கும் பழைய பந்தம் உண்டு. 1909-ல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் சாரணர் படை தொடங்கியபோது இந்தியப் பசங்களுக்கு இடம் இல்லை. பொறுக்காமல் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையிலேயே இந்தியச் சிறுவர்களுக்குத் தனிச் சங்கம் கண்டார்கள். 1921-ல் பேடன் பவல் வந்து பார்த்த பிறகுதான் இரண்டும் சேர்ந்தன. இப்போது இருக்கும் பாரத சாரணர் அமைப்பு பிறந்தது 1950 நவம்பர் 7.

சரி, வேலை கிடைக்குமா? ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது. இடங்கள் கொஞ்சம்தான். விண்ணப்பிக்க ராஷ்டிரபதி விருதோ, ஹிமாலய உட் பேட்ஜோ வேண்டும். அது மட்டும் போதாது, 5 ஆண்டு தொடர்ந்து இயக்கத்தில் இருந்திருக்கணும், மாநில, தேசிய முகாம்களுக்கும் போயிருக்கணும். ஸ்கூல் முடிந்ததும் யூனிஃபார்மை மூட்டை கட்டிப் போடாமல் திரிசாரணர் பிரிவில் தொடர்வது இதற்காகத்தான்.

சேர வேண்டும் என்றால் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். அங்கே படை இல்லையா? பள்ளிக்கு வெளியே நடக்கும் திறந்த குழுக்களும் உண்டு. மாவட்டச் சாரணர் சங்கத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.