தெர்மாகோல் என்ஜின்

அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். நடுவில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாயைப் பிளந்தபடி நிற்கிறது. ஹெரால்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த அழகு தெரியும். பானெட், இரண்டு மட்கார்டு, விளக்குகள் என்று முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துகொள்ளும். டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். என்ஜினை முந்தின நாளே செயின் பிளாக்கில் கட்டி இறக்கிவிட்டார்கள். அது இருந்த குழியில் இப்போது இருப்பது வெள்ளைத் தெர்மாகோலில் செதுக்கிய ஒரு பொம்மை என்ஜின்.

புது என்ஜினின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டர் கணக்கில் எடுத்து, தெர்மாகோல் பலகைகளை ஒட்டி, பிளேடால் சீவிச் செய்தது. டர்போ வரும் இடத்தில் ஒரு கட்டியை ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கட்டி ஸ்டீயரிங் தண்டில் இடித்து நசுங்கியிருந்தது. வண்டி என் நண்பருடையது. அவர் அப்பா வாங்கியது. மெக்கானிக் அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். "என்ஜின் எங்க வேணாலும் கெடைக்கும் சார். அத உக்கார வைக்கறதுதான் வேலை."

ஹெரால்டு நம் ஊர்க் கார். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றிருந்த காலத்தில் சென்னையின் பங்காக வந்தது. இத்தாலியின் மிக்கெலோத்தி வரைந்த பிரிட்டிஷ் டிரயம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் தயாரித்தது. என்ஜின் 948 சிசி. திறன் ஏறத்தாழ 35 குதிரைத்திறன்.

இனி மேற்கே வாருங்கள். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஹூண்டாய் ஆலையில் உருவாகி 2019-இல் வெளிவந்த வென்யூ காரின் டர்போ என்ஜின் 998 சிசி. திறன் 120 குதிரைத்திறன். இரண்டுக்கும் கொள்ளளவில் வித்தியாசம் 50 சிசி. ஒரு தேநீர்க் குவளைகூட நிரம்பாது. ஆனால் சக்தி மூன்று மடங்குக்கும் மேல். நண்பரின் கண் இந்த என்ஜின்மேல்தான்.

அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்போம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அது எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியக் கிட்டத்தட்ட 15 கிராம் காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. ஆகவே என்ஜின் என்பது முதலில் ஒரு காற்றுப் பம்பு. ஹெரால்டின் பழைய என்ஜின் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 4,500 சுற்றில், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக வரும் காற்றை மட்டுமே இழுக்கும். எப்படிப் பார்த்தாலும் நிமிடத்துக்கு 2,100 லிட்டருக்கு மேல் உள்ளே போகாது. புது என்ஜின் 6,000 சுற்று வரை போகும். அதில் கொஞ்சம் ஆதாயம். வால்வுகளும் எரிப்பறையும் மேம்பட்டிருப்பதில் இன்னும் கொஞ்சம். பெரிய பங்கு டர்போவுடையது. அதே அறைக்குள் காற்றை நெருக்கித் திணித்து, ஏறக்குறைய இரண்டு அறையின் காற்றை ஒன்றில் அடைக்கிறது.

திணிக்கும் வேலைக்கான கூலியை அது புகையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சைலன்சர் வழியே வெப்பமாக வெளியே போய்விடும். போகிற வழியில் ஒரு சிறு காற்றாடியை வைத்து, அதன் தண்டின் மறுமுனையில் காற்றைத் தள்ளும் இன்னொரு காற்றாடியைக் கோத்தால் அதுதான் டர்போ. 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூஷி காப்புரிமை பெற்ற யோசனை. உள்ளங்கையில் அடங்கும் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் முறை சுழலும். பால்ரஸ் குண்டு இந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிப்பது கடினம் என்பதால், பெரும்பாலான டர்போக்களில் தண்டு மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியைச் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள் என்று டிரைவர்கள் சொல்வது இதனால்தான். அணைத்த கணமே ஆயில் ஓட்டம் நின்றுவிடும். தகிக்கிற தண்டில் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சென்னையின் 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 130 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். சூடான காற்று விரியும். திணித்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதைவிட மோசம், சிலிண்டருக்குள் தீப்பொறி கிளப்பிய நெருப்பு பரவி வருவதற்குள் மீதிக் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அதனால் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே இன்டர்கூலர் என்று இன்னொரு ரேடியேட்டர் வேண்டும். ஹெரால்டின் முகத்தில் காற்று நுழையும் இடமோ கொஞ்சம்தான். அங்கே ரேடியேட்டர், இன்டர்கூலர், மின்விசிறி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். தெர்மாகோலை வைத்துப் பார்த்ததில் மின்விசிறிக்கு மிஞ்சியது நாலு விரல் அகலம்.

இதே கணக்கு நாற்பது டன் எடையில் நடக்கிறது, அம்பத்தூரிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்த டி-72 அஜேயா டாங்கிகள் நம் ராணுவத்தின் முதுகெலும்பு. அவற்றின் என்ஜின் 780 குதிரைத்திறன். அதை மாற்றி 1,000 குதிரைத்திறன் என்ஜின் பொருத்துவதற்காக 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்ய நிறுவனத்துடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. தொழில்நுட்பம் ஆவடிக்கே கைமாறுகிறது. இந்தத் திறனில் ஆவடிக்குப் பழக்கமும் உண்டு. டி-90 டாங்கியின் 1,000 குதிரைத்திறன் என்ஜினையும் டி-72-இன் பழைய என்ஜினையும் முழுக்க உள்நாட்டிலேயே செய்து, ஆவடி என்ஜின் தொழிற்சாலை 2018-இல் ராணுவத்திடம் ஒப்படைத்தது.

என்னை ஈர்ப்பது இந்த இரண்டு டாங்கி என்ஜின்களின் உறவு. இரண்டும் ஒரே ரஷ்யக் குடும்பத்தின் 12 சிலிண்டர் டீசல்கள். கொள்ளளவு இரண்டுக்கும் ஏறத்தாழ 38.9 லிட்டர். 780 என்ஜினிலும் காற்றைத் திணிக்கும் கருவி உண்டு. ஆனால் அதைச் சுழற்றுவது என்ஜினின் சொந்தக் கிராங்க் தண்டு. சம்பாதித்ததில் ஒரு பங்கை எடுத்துக் காற்றுக்குச் செலவிடுகிறது. டி-90-இன் 1,000 குதிரைத்திறன் என்ஜினில் அந்த வேலை புகையில் ஓடும் டர்போவிடம் போய்விட்டது. 41 டன் டி-72-க்கு டன்னுக்கு 19 குதிரை என்றிருப்பது, 1,000 குதிரைத்திறன் வந்தால் 24 ஆகும். மணலில் ஏறி மறைவிடம் சேரும் நொடிகளில் அந்த ஐந்து குதிரையின் அருமை தெரியும். ஆனால் கூடுதல் முறுக்கை கிளட்ச் முதல் பல்சக்கரம் வரை ஒவ்வொன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடுதல் வெப்பத்தைக் கவசத்துக்குள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். பழைய வண்டிக்குப் புது என்ஜின் கேட்கிற கேள்விகள் டாங்கிக்கும் காருக்கும் ஒன்றுதான்.

ஹெரால்டிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். பழைய என்ஜினின் முறுக்கு விசை 65 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. புதியது 1,500 சுற்றிலேயே 172 கொடுத்துவிடும். முதல் கியரும் கிரவுனும் சேர்ந்து அதைப் பதினைந்து மடங்குக்கு மேல் பெருக்கிப் பின் அச்சுக்கு அனுப்பும். அறுபதுகளின் பல்சக்கரம் அதை எத்தனை நாள் தாங்கும்? அதோடு, வென்யூவில் என்ஜின் குறுக்காகப் படுத்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. இங்கே நெடுக்காக நின்று பின் சக்கரத்தை ஓட்ட வேண்டும். வேறு கியர் பாக்ஸ், அதற்கும் என்ஜினுக்கும் நடுவே கடைந்தெடுத்த ஒரு தகடு. தகட்டின் மையம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். டயல் கேஜின் முள் நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து உட்கார வைக்க வேண்டிய தகடு அது.

பின் அச்சில் இன்னொரு சிக்கல். ஹெரால்டின் கிரவுன் பெட்டி நடுவில் அசையாமல் இருக்க, இரண்டு பக்கமும் அரை அச்சுகள் பறவையின் இறக்கைபோல் ஏறி இறங்கும். வேகமாக வளைவெடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உடலைத் தூக்கிவிட்டுத் தானே உள்ளே மடங்கப் பார்க்கும். பிடி திடீரென்று போகும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்கவே இல்லை. எழுபதுகளில் ஹெரால்டுக்குப் பின் வந்த கஜல் காரில் கம்பெனியே இதைக் கைவிட்டு நேர் அச்சு போட்டுவிட்டது. 35 குதிரையில் பொறுத்துக்கொண்டதை 120-இல் பொறுக்க முடியாது.

பிரேக்? 800 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் ஆற்றல் 111 கிலோஜூல். 120-இல் அது 444. வேகம் இரண்டு மடங்கு, பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் நாலு மடங்கு. பழைய டிரம்களுக்குள் அந்தச் சூடு தங்கிவிடும், லைனர் வழுக்கும். பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் என்று அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே உதிரிபாக ஆலைகள் நிற்கிற பாடி இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்த வட்டாரத்தில் டிஸ்க் பிரேக்குக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். அதை முதலில் செய்ய வேண்டும் என்ற புத்திதான் வேண்டும். என்ஜின் வாங்கிய உற்சாகத்தில் பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவற்றில் ஏறப் பயம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-இல் வந்த விதியும், என்ஜின், சேஸிஸ், உடல் பெரிதாக மாறாமல் இருந்தால்தான் செல்லும். டர்போ ஹெரால்டு தெருவில் ஓட முடியாது. நண்பர் அதற்குத் துணிந்துதான் இறங்கியிருக்கிறார். டிரெய்லரில் ஏற்றி, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் 3.7 கிலோமீட்டரில் மட்டும் ஓட்டுவதாகத் திட்டம்.

அதனால் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். சேஸிஸில் ஒரு இடத்தையும் அறுக்கக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருப்பது வசதி. எல்லா மவுண்டிங்கையும் இருக்கிற ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு மாட்ட வேண்டும். என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். ஸ்டீயரிங் தண்டில் இடித்த டர்போவுக்கு வழி, என்ஜினையே நாற்பது மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, லேசாகச் சாய்ப்பது. அன்று மாலை தெர்மாகோலை இரண்டாவது முறை சீவினார்கள்.

"புது என்ஜின் எப்ப வருதுண்ணே?" என்று நண்பர் கேட்டார்.

"மொதல்ல பின் ஆக்சில், அப்புறம் பிரேக்கு. அது வரைக்கும் இவரே இருக்கட்டும்" என்று மெக்கானிக் தெர்மாகோலைத் தட்டினார்.

சுவரோரம் மரக்கட்டைகள்மேல் பழைய 948 இருந்தது. வாய்களில் துணி அடைத்து, சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி, கோணியால் மூடியிருந்தார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள அதே என்ஜின் நம்பரை ஒரு அட்டையில் எழுதி, கம்பியால் அதன் கழுத்தில் கட்டியிருந்தார் நண்பர்.