மோட்டார் வண்டிச் சக்கரங்களின் மெருகைக் காத்தல்

களப்பணி முடிந்து திரும்பும் ஜீப்பையும் காரையும் கழுவித் துடைப்பது அலுவலகந்தோறும் நடைபெறும் வழக்கமான வேலையாகும். வண்டியின் உடலைக் கழுவ வாளி நீரும் மெல்லிய துணியும் போதும் என்று அறிந்தவர்களும் சக்கரத்திடம் வந்ததும் வேறு வழிகளை நாடுகின்றனர். எவ்வளவு நீர் ஊற்றினும் அதன் மேல் படிந்த கருமை எளிதில் நீங்குவதில்லை. ஆகவே தேங்காய் நார், செங்கற்பொடி, இரும்பு நார், சலவைச் சோடா ஆகியவை கையாளப்படுகின்றன. சில இடங்களில் கழிப்பறை கழுவும் அமிலமும் ஊற்றப்படுகிறது. கருமை நீங்குகிறது, அத்துடன் மெருகும் நீங்குகிறது. சில மாதங்களில் சக்கரம் வெண்பொடி பூத்துச் சொரசொரப்பாகிவிடுகிறது.

மெருகு கண்ணுக்கு அழகு தருவதோடு, உலோகத்தை அரிப்பினின்று காக்கும் கவசமாகவும் விளங்குகிறது. அதைக் கெடுக்காமல் அழுக்கை நீக்க வேண்டுமானால், அழுக்கின் இயல்பையும் சக்கரத்தின் இயல்பையும் முதலில் அறிதல் வேண்டும்.

கருமை தோன்றும் விதம்

ஓடும் வண்டியைப் பிரேக் நிறுத்தும்பொழுது, வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று நிற்பதாகக் கொள்வோம். அப்பொழுது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 1,67,000 ஜூல் ஆகும். அரை லிட்டர் நீரை 20 பாகை சென்டிகிரேடிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு செல்ல இது போதும். முசூரியிலிருந்து தேராதூனுக்கு இறங்குவது போன்ற மலைப்பாதைகளில் பிரேக்கை அடிக்கடி மிதிக்க நேர்வதால் வெப்பம் மேன்மேலும் சேர்கிறது.

இவ்வாறு உராயும்பொழுது வார்ப்பிரும்புத் தட்டிலிருந்தும் பிரேக் கட்டையிலிருந்தும் மிக நுண்ணிய துகள்கள் தேய்ந்து விழுகின்றன. இவற்றில் இரும்பு, கரி, பிசின் முதலியவை கலந்துள்ளன. 2014-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் பழைய வண்டிகளில் டிரம் பிரேக்குகளே இருந்தன. தூசியின் பெரும்பகுதி டிரம்மின் உள்ளேயே தங்கியது. இக்காலக் கார்களின் முன்சக்கரங்களில் உள்ள டிஸ்க் பிரேக் திறந்த அமைப்புடையதாதலால், தூசி நேரே சக்கரத்தின் மேல் வந்து படிகிறது. ஈரம் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவாகி மேற்பரப்பைப் பற்றிக் கொள்கிறது. வெறும் நீருக்கு அது அசையாமல் இருப்பதன் காரணம் இதுவே.

சக்கரத்தின் மேற்பரப்பு

சக்கரங்களில் இரு வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஜீப்புகளிலும் விலை குறைந்த கார்களிலும் வர்ணம் பூசிய எஃகுச் சக்கரங்கள் உள்ளன. வர்ணம் கீறப்பட்ட இடத்தில் இவை துருப்பிடிக்கும். மற்றவற்றில், சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினிய உலோகக் கலவையாலான சக்கரங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் மேல் வர்ணமும், அதற்கு மேல் நிறமற்ற தெளிந்த பூச்சும் இடப்பட்டிருக்கும். அத்தெளிந்த பூச்சின் கனம் பொதுவாக ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு.

அலுமினியம் காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, தன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றைத் தானே உண்டாக்கிக் கொள்ளும் இயல்புடையது. இப்படலம் நடுநிலை நீரில் நிலைத்து நிற்கும். ஆனால் வலிய அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும். எனவே அமிலம் கெடுக்கும், சோடா கெடுக்காது என்று எண்ணுவது பிழையாகும். தெளிந்த பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால், கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் ஈரமும் அவ்வழியே புகுந்து, பூச்சின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல் அரித்துச் செல்லும்.

குரோமியம் பூசிய சக்கர மூடிகளுக்கும் எச்சரிக்கை வேண்டும். அங்குள்ள குரோமியப் படலம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனமுடையது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை எளிதில் தின்றுவிடும்.

கழுவுபவரின் பாதுகாப்பு

சக்கரத்தைவிட முதன்மையானது அதைக் கழுவுபவரின் உடல்நலம். சக்கரம் கழுவவென விற்கப்படும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதனைத் தரும் ஃபுளோரைடு உப்புகளோ கலந்துள்ளன. நீர்த்த நிலையில் இவ்வமிலம் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தோன்றாமல் இருக்கலாம். பல மணி நேரம் கழித்தே கடும் வலி எடுக்கும். அதற்குள் அது தோலை ஊடுருவித் திசுக்களிலுள்ள கால்சியத்தைப் பற்றிக் கொண்டு ஆழ்ந்த சேதம் விளைவிக்கும். மிகுதியாக உட்புகுந்தால் இதயத்தின் துடிப்பும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். இத்தகைய திரவங்களை அலுவலகத்திற்கு வாங்காதிருப்பதே நன்று. தவறிப் பட்டுவிட்டால் அவ்விடத்தை ஓடும் நீரில் கழுவி, வலி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்; திரவம் இருந்த புட்டியையும் உடன் கொண்டு சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் உள்ள எதையும் எக்காலத்தும் பயன்படுத்தலாகாது.

தூசியும் தீங்கற்றதன்று. பிரேக் கட்டைகளில் கல்நார் சேர்ப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை விளைவிக்க வல்லவை. ஆகையால் பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. உலர்ந்த துணியால் தட்டவும் கூடாது. முதலில் நீரால் நனைத்துவிட வேண்டும்.

கழுவும் முறை

வண்டியை நிழலில் நிறுத்தி, சக்கரம் கைபொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சூடான சக்கரத்தில் சோப்பு நீர் விரைவில் வற்றிக் கறையாக உறையும். பிரேக் தட்டுக்கும் திடீர்க் குளிர்ச்சி நல்லதன்று.

முதலில் நிறைய நீர் ஊற்றி மணலையும் தூசியையும் அகற்ற வேண்டும். மணல் இருக்கும்பொழுது தேய்த்தால் துணியே உப்புத்தாள்போல் கீறிவிடும். அழுத்தம் மிகுந்த நீர்க்குழாயைப் பயன்படுத்துவோர், அதனை டயரிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் பிடிக்க வேண்டும்.

அடுத்து, அமிலமும் காரமும் இல்லாத மென்மையான சோப்புத் திரவத்தை நீரில் கலந்து, மெல்லிய மயிர்த்தூரிகையாலும் துணியாலும் மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கரத்திற்கென ஒரு வாளியும் துணியும் தனியே இருத்தல் வேண்டும். அவற்றில் ஒட்டிய இரும்புத் துகள் வண்டியின் வர்ணத்தைக் கீறிவிடும். ஒரு சக்கரத்தை முடித்து நீர் விட்டு அலசிய பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

இதற்கும் போகாத துருப்புள்ளிகளுக்குத் தயோகிளைக்கோலேட்டு உப்பு அடங்கிய நடுநிலைத் திரவம் உதவும். இது இரும்புடன் கூடி ஊதா நிறமாக மாறி, அதைக் கரைத்துக் கொண்டு வரும். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தி, உலருமுன் கழுவிவிட வேண்டும்.

இறுதியில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடின நீர் தானே வற்றினால் சுண்ணாம்புப் புள்ளிகள் நிலைத்துவிடும். உலர்ந்த சக்கரத்தின் மேல் சிறிது மெழுகு பூசினால் அடுத்த முறை தூசி எளிதில் நீங்கும். ஆனால் பிரேக் தட்டிலோ டயர் தரையைத் தொடும் பரப்பிலோ மெழுகு படவே கூடாது. வண்டியை எடுத்ததும் மெதுவாகச் செலுத்தி, பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து உலர்த்திக் கொள்ள வேண்டும். நனைந்த பிரேக் முதல் மிதிக்குச் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

வகுப்பறையில் செய்து காட்டுதல்

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை எளிய சோதனைகளால் விளக்கலாம். சக்கரத்தை நனைத்துத் துடைத்த துணியை ஒரு கிண்ண நீரில் அலசி, அடியில் தங்கும் வண்டலில் தாள் சுற்றிய காந்தத்தை அமிழ்த்தினால் இரும்புத் துகள்கள் ஒட்டிக் கொள்ளும். அவ்வண்டலில் சிறிது எடுத்து, உப்பு நீரில் நனைத்த வெண்தாளின் மேல் இட்டு வைத்தால் மறுநாள் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் முறையே குழாய் நீரையும் சலவைச் சோடாக் கரைசலையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அலுமினியத் தாளை இடலாம். சோடாக் கரைசல் வெதுவெதுப்பாக இருப்பின், சிறிது நேரத்தில் குமிழிகள் கிளம்பும். அவை ஹைட்ரஜன் வாயுவாகும். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. சிறு அளவில் ஆசிரியரே செய்து காட்டுதல் நலம். பளபளப்பாக்குவதாக எண்ணிச் சோடா இட்டுக் கழுவும்பொழுது, மெருகு இழந்த சக்கரத்தில் நிகழ்வதும் இதுவே என்பதை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

வாரம் ஒருமுறை சோப்பு நீரால் கழுவப்படும் சக்கரத்திற்கு வலிய மருந்து எதுவும் வேண்டுவதில்லை. அழுக்கை நெடுநாள் சேரவிடுவதே அமிலத்தை நாடச் செய்கிறது. காலந்தவறாத சிறு உழைப்பு சக்கரத்தின் மெருகையும், அதைக் கழுவுபவரின் கையையும் ஒருங்கே காக்கும்.