தகடூர்ப் போரும் அரிசில் கிழாரும்

இன்றைய தருமபுரியே சங்க இலக்கியம் சுட்டும் தகடூர் என்பர். அதியமான் மரபினரின் தலைநகரான அவ்வூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை போரில் அழித்தான். வென்ற அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்திலும், அப்போரில் வீழ்ந்த அதியமான் எழினியைப் புறநானூறு 230ஆம் பாடலிலும் பாடியவர் அரிசில் கிழார். இருதரப்பையும் பாடிய புலவரின் நிலைப்பாடு யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

அரிசில் கிழார் சேரனுக்கு அணுக்கர். அவன் ஒன்பது நூறாயிரம் பொன்னுடன் அரசுகட்டிலையும் அளித்தபோது, அரசை அவனிடமே விடுத்து அமைச்சுரிமை பூண்டார் என எட்டாம் பத்தின் பதிகம் கூறுகிறது. தகடூர் யாத்திரைச் செய்யுட்களை மேற்கோள் காட்டும் நச்சினார்க்கினியர், பொன்முடியாரையும் இவரையும் சேரனோடு களச் சூழலில் வைத்துக் காட்டுகிறார். போர்வாழ்வை இவர் நெருங்கி அறிந்தவர் என்பதற்கு, புண்பட்ட வீரனை மனையில் பேணும் முறையைக் கூறும் புறம் 281, கேடயம் வேண்டும் மறவனைக் காட்டும் புறம் 300 ஆகியன சான்று.

எட்டாம் பத்தின் 78ஆம் பாடல் வில்வீரர் காத்த தகடூரின் அழிவைச் சேரனின் வெற்றியாகப் போற்றுகிறது. கையறுநிலைத் துறையிலமைந்த புறம் 230 அவ்வெற்றியின் மறுபக்கம். கன்றுடன் ஆநிரை காட்டில் அச்சமின்றித் தங்கியது, வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் தங்கியது, களத்து நெற்குவியல் காவலின்றிக் கிடந்தது என எழினியின் ஆட்சிநலமே முதலில் பேசப்படுகிறது. அவன் இறப்பால் சுற்றம் தாயற்ற குழவிபோல் வருந்துகிறது. இறுதியில் புலவர் கூற்றத்தை இடித்துரைக்கிறார்: அறமற்ற நீ, விதைநெல்லை உண்டுவிட்ட உழவன்போல் இழந்தாய்; எழினியை விட்டிருந்தால் அவன் களத்தில் பகைவர் உயிர்களை உண்டு நிறைந்திருப்பாய்.

இங்கு நோக்கத்தக்கது, கொன்றவன் பெயர் பாடலில் இல்லாமை. பழி முழுவதும் கூற்றத்தின்மேல் ஏற்றப்படுகிறது. இவ்வுத்தியால் புலவர் தம் புரவலனைப் பழிக்காமலே அவன் அழித்ததன் மதிப்பை நிறுவுகிறார். பாடலின் கொளுவும் பத்தின் பதிகமும் தொகுத்தோர் பிற்காலத்தில் சேர்த்தவை ஆதலின், வரலாற்றுச் சான்றாக அவற்றைக் கையாள்கையில் எச்சரிக்கை வேண்டும். எனினும் விதைநெல் உவமை பாடலின் உள்ளேயே அமைந்தது. அதன் பொருள் கொளுவைச் சார்ந்ததன்று. நல்லாட்சி நாட்டின் விதை. அதனை இழந்த நாட்டுக்கு அடுத்த விளைச்சல் இல்லை என்பதே அதன் பொருள். வெற்றியைப் பாடும் கடமையும் இழப்பை அளக்கும் நேர்மையும் ஒரே புலவரிடம் முரணின்றி நின்றமைக்குத் தகடூர்ப் போர்ப் பாடல்கள் சான்றாகின்றன.