விசாரிக்க வருதல்

'விசாரித்தல்' என்னுஞ் சொல் இருமுகம் உடையது. நீதிமன்றத்திலும் விசாரணை, நோயாளியின் பாயருகிலும் விசாரிப்பு. புரட்டஸ்தாந்து சபையார் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில், மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும் யாக்கோபின் நிருபத்திலும், நோயாளரையும் திக்கற்றோரையும் சென்று காண்பதற்கு இச்சொல்லே ஆளப்பட்டது. கிரேக்க மூலத்தில் ஆங்கு நிற்பது 'எப்பிஸ்கெப்தொமாய்' என்னும் வினை. சென்று பார்த்துப் பேணுதல் என்பது அதன் கருத்து. சபையின் கண்காணியைக் குறிக்கும் 'எப்பிஸ்கொப்பொஸ்' என்பதும் அவ்வேரினின்றே கிளைத்தது. ஆகவே, அத்தியட்சரின் பதவிப் பெயருக்குள்ளேயே வீடு தேடிச் செல்லும் கால்கள் உள என்பேன்.

எனினும், இது குருவானவர்க்கும் மூப்பர் சிலர்க்குமே உரிய பணியென நம்மவர் ஒதுங்கிவிடுகின்றனர். யாக்கோபு அவ்வாறு பிரித்து எழுதினாரல்லர். பிள்ளைகள் கடல் கடந்தபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் இன்று யாழ்ப்பாணத்திற் பலர். பணம் வருகின்றது, தொலைபேசியிற் குரலும் வருகின்றது. மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லவும், கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளி வைக்கவுமே ஆளில்லை.

செல்வோரிலும் சிலர் நீதிமன்ற விசாரணையையே நடத்துகின்றனர். "ஏன் ஆச்சி, மூண்டு ஞாயிறாய்க் கோயிலுக்கு வரேல்லை?" என்று என் அயலிலுள்ள மூதாட்டியை ஒருவர் வினவினார். முழங்கால் நோவை மறைத்து, "மழை, தம்பி" என்றார் அவர். வந்தவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் வந்த மாணவி ஒருத்தி யாதும் வினவாது அரிசி களைந்து உலையிட்டாள். மூதாட்டி அவளிடமே முழங்காலைக் காட்டினார்.