'மலேரியா இல்லை' என்ற முடிவை யார் சரிபார்ப்பது?

திருகோணமலைப் பக்கம் முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவரிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு முன்னர் அவர் மலத்தியன் மணத்தைத்தான் சொல்வார். சட்டி பானை எல்லாவற்றையும் முற்றத்தில் அடுக்கிவிட்டு, மருந்தடிக்க வந்தவர்கள் போகும்வரை வெளியே நின்ற கதையைச் சொல்வார். அடுத்ததாக, விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு போனவரைப் பற்றிச் சொல்வார். அந்தக் கண்ணாடித் துண்டு எங்கே போனது, அதை யார் பார்த்தார், அவர் பார்த்தது சரியா என்று அன்று எவரும் கேட்டதில்லை. கையில் குளோரோகுயின் குளிசை தரப்பட்டது. கசந்தது. விழுங்கினோம்.

இந்தக் கட்டுரை அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்தவர்களைப் பற்றியது. பொது சுகாதார ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்பது அவர்களது பதவிப் பெயர். வைத்தியசாலைகளில் 'பீ.எச்.எல்.ரீ' என்பார்கள். வைத்தியரைத் தெரியும், தாதியைத் தெரியும், மருந்தடிக்க வந்தவரைக்கூடத் தெரியும், இவரைத் தெரியாது. பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவின் ஒரு மூலையில், நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி இருப்பார்.

இலங்கையில் 1999இல் 2 இலட்சத்து 64 ஆயிரம் பேருக்கு மேல் மலேரியா கண்டது. வடக்கும் கிழக்கும் அதில் பெரும்பங்கைச் சுமந்தன. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்ளூரிலேயே தொற்றிப் பரவும் மலேரியா நின்றுபோனது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. அந்தச் சான்றிதழுக்கு அடியில் இருப்பவை இலட்சக்கணக்கான 'இல்லை' என்ற முடிவுகள். அவை நம்பத்தக்கவை என்று காட்ட முடியாத நாட்டுக்குச் சான்றிதழ் கிடைக்காது.

ஒரு 'இல்லை' எப்படிப் பிறக்கிறது? விரலில் எடுத்த இரத்தத்தில் இரண்டு பூச்சுகள் இடப்படுகின்றன. ஒன்று தடிப்பு, மற்றது மெல்லியது. தடித்த பூச்சில் இரத்தம் குவிந்திருப்பதால் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவது எளிது. மெல்லிய பூச்சை மெதனோலில் பதப்படுத்துவதால் செங்குழியங்கள் உடையாமல் இருக்கும். எந்த வகை ஒட்டுண்ணி என்று அதில் பார்க்கலாம். பிறகு ஜீம்சா சாயம். சாயம் கரைக்கும் நீரின் பீ.எச். அளவு 7.2 ஆக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒட்டுண்ணியின் கருவுக்குரிய சிவப்பும் உடலுக்குரிய நீலமும் தெளிவாகப் பிரியாது. எங்கள் கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரிந்தவர்களுக்கு, கையில் கிடைத்த தண்ணீரில் சாயத்தைக் கரைக்க முடியாது என்பதை விளக்கத் தேவையில்லை.

அதன் பின்னர்தான் பார்ப்பது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, தடித்த பூச்சில் குறைந்தது 100 புலங்களையாவது பார்த்து முடிக்காமல் 'இல்லை' என்று எழுதக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் ஒரு பூச்சுக்குப் பத்து நிமிடம்வரை போகும். குருதிச் சிறுதட்டு, சாயப் படிவு, தூசி, கண்ணாடியில் விழுந்த கீறல் எல்லாமே ஒட்டுண்ணிபோலத் தோற்றம் காட்டும். களைத்த கண் இல்லாததைக் காணும். அவசரப்பட்ட கண் இருப்பதைத் தவறவிடும். முதலாவது பிழையால் ஒருவர் தேவையில்லாத குளிசையை விழுங்குவார். இரண்டாவது பிழை, பல்சிபாரம் வகை மலேரியாவாக இருந்தால், சில நாட்களில் உயிரைக் குடிக்கும்.

ஆகவே பார்த்தவரையும் ஒருவர் பார்க்க வேண்டும். தர உறுதிப்பாடு என்று சொல்லப்படுவது இதைத்தான். மாவட்டத்தில் 'உண்டு' எனக் கண்ட பூச்சுகள் கொழும்பிலுள்ள மலேரியா தடை இயக்கத்தின் தலைமை ஆய்வுகூடத்தில் மீண்டும் பார்க்கப்படுகின்றன. 'இல்லை' என்று எழுதியவற்றிலும் ஒரு பகுதி மறுபரிசோதனைக்குப் போகிறது. முதலாமவர் என்ன எழுதினார் என்பதை அறியாமலே இரண்டாமவர் பார்ப்பதுதான் இதற்குரிய முறை. உலக சுகாதார ஸ்தாபனம் நுணுக்குக்காட்டிப் பரிசோதகர்களுக்கென்று ஒரு பரீட்சையையும் வைத்திருக்கிறது. விடை தெரிந்த பூச்சுகளை, விடையை மறைத்துக் கொடுப்பார்கள். முதலாம் தரம் பெற, ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதில் 90 வீதம், எந்த வகை என்பதில் 90 வீதம், எண்ணிக்கையில் பாதியாவது உண்மை அளவுக்கு 25 வீதம் கூடக் குறைய இருக்க வேண்டும். சான்றிதழ் மூன்று வருடங்களுக்கு மட்டும். பிறகு மீண்டும் எழுத வேண்டும். எத்தனையோ தொழில்களில் ஒருமுறை சித்தியடைந்தால் ஓய்வூதியம்வரை கேள்வியில்லை. இவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

போர்க்காலத்தில் இந்தச் சங்கிலி அடிக்கடி அறுந்தது. 2006இல் மாவிலாற்றுக்குப் பின்னர் மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் மரத்தடிகளிலும் முகாம்களிலும் கிடந்த நாட்களை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. பாதை மூடினால் நோயாளியும் போக முடியாது, பூச்சும் போக முடியாது. அப்படியிருந்தும் வேலை முழுதாக நிற்கவில்லை. எட்ட முடியாத இடங்களுக்கு நடமாடும் மலேரியா சிகிச்சை நிலையங்கள் போயின, உடனடிப் பரிசோதனை அட்டைகள் வந்தன, மருந்தையும் பூச்சிநாசினியையும் கொண்டுசெல்லச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உதவியது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் நுளம்பு விடயத்தில் ஓரளவு ஒத்துப்போயின. சுனாமிக்குப் பின்னர் மலேரியா வெடிக்கும் என்று பலரும் பயந்தார்கள். 2004இல் நாடு முழுவதும் 3,720 ஆக இருந்த நோயாளர் தொகை 2005இல் 1,640 ஆகக் குறைந்தது.

இன்றைய சிக்கல் வேறு விதமானது. 2015இல் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குருதிப் பரிசோதனைகள் நடந்தன. மலேரியா கண்டது 36 பேருக்கு. அனைவருமே வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். அப்படியானால் ஒரு மாவட்ட ஆய்வுகூடத்தில் இருப்பவர் வருடக்கணக்காக ஒரு ஒட்டுண்ணியைக்கூட நேரில் காணாமலே 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருப்பார். காணாத ஒன்றைக் கண் மறந்துபோகும். நோய் பரவிய காலத்தில் பழகிய கண்கள் ஓய்வுபெற்றுப் போகின்றன. புதியவர் சேமித்து வைத்த பழைய பூச்சுகளில்தான் பழக வேண்டும். வெற்றியே திறமையைத் தேய்க்கிறது. இதற்கு மறுபயிற்சியும் மறுபரிசோதனையும்தான் மருந்து. ஆனால் நோய் இல்லாத நோய்க்குப் பணம் கேட்டால் எந்த அரசாங்கமும் முகம் சுளிக்கும்.

சுளித்ததன் விலையை இந்த நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. முடிந்தது என்று மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

நமது மக்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் 2013இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில் உண்டு. மேற்கு ஆபிரிக்கா வழியாக ஆட்கடத்தல் பயணம் போய், அது தோல்வியில் முடிந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரின் கதை அது. வந்திறங்கியதும் மலேரியா தடை இயக்க உத்தியோகத்தர்கள் உடனடிப் பரிசோதனை செய்தார்கள். 'இல்லை' என்றது அட்டை. மூன்றாம் நாள் அவர் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனார். பல்சிபாரம் என்று கண்டுபிடிக்கத் தாமதமானது, நோய் முற்றியது. அதே பாதையில் வந்த 287 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது ஆயிரத்துக்கு 20 பேர் என்ற அளவில் மலேரியா இருந்தது. நுளம்பு கடித்து ஒரு வாரமாவது ஒட்டுண்ணி ஈரலுக்குள் இருக்கும், இரத்தத்தில் தெரியாது. இந்தியாவிலிருந்து அதிகம் வரும் வைவக்ஸ் வகை மாதக்கணக்கிலும் ஈரலில் உறங்கும். அதனால்தான் முதல் பரிசோதனையில் இல்லாவிட்டாலும், சந்தேகம் இருந்தால் தொடர்ந்து மூன்று நாட்கள் பூச்சு எடுக்கச் சொல்கிறார்கள்.

2018 டிசெம்பரில் மொனராகலையில் ஓர் இந்தியத் தொழிலாளியிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவக்ஸ் தொற்றியது. விரைவாகப் பிடித்ததால் அவரோடு நின்றது. கடத்தும் நுளம்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அது போதுமான சாட்சி. மகாவலி கொட்டியார் குடாவில் சேரும் பகுதியில் ஆறு வற்றித் தேங்கும் குட்டைகள் அதற்குப் பிடித்த இடங்கள். போதாததற்கு, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி நுளம்பு 2016 இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் அதற்குப் போதும். 2012இல் இதே நுளம்பு ஜிபூட்டி என்ற துறைமுக நாட்டில் காணப்பட்டது. அந்த வருடம் அங்கே 27 நோயாளர். 2020இல் 73 ஆயிரம். கோதுமைக் கப்பலும் கிளிங்கர் கப்பலும் வந்துபோகும் ஒரு துறைமுகத்தில் வாழ்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய உறவினர், ஆபிரிக்காவில் வேலை பார்த்து வந்த மகன், கப்பலில் போய் வந்த தம்பி என்று வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், டெங்கு பார்த்து 'இல்லை' என்றதும் வீடு திரும்ப வேண்டாம். எங்கே போய் வந்தார் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எந்த வழியால் போனார் என்பது அவசியமில்லை, எந்த நாடு என்பதே போதும். மலேரியாப் பூச்சு எடுக்கும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் அது இலவசம். நோய் உறுதியானால் மருந்தை மலேரியா தடை இயக்கமே தரும். போகுமுன் எடுக்க வேண்டிய தடுப்புக் குளிசையும் அவர்களிடம் கிடைக்கும். முடிவு 'இல்லை' என்று வந்த பிறகும் காய்ச்சல் விடவில்லையென்றால், அடுத்த நாளும் போய் இன்னொரு தரம் விரலை நீட்டுங்கள்.