சொட்டு நீரில் ஓர் உலகம்!
குடிதண்ணீரைக் காக்கும் உயிர்களும், கெடுக்கும் கிருமிகளும்

தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சிவகங்கைக் குளம்.

ஒரு காலத்தில் அது கோட்டைக்குள் இருந்தவர்களின் குடிதண்ணீர்க் குளம். அரண்மனைக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் போயிற்று.

ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் நேராக வந்து விடவில்லை. முதலில் அது சேவப்ப நாயக்கன் ஏரியில் தேங்கியது. 16-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட முதல் நாயக்க மன்னர் சேவப்பரின் பெயர் கொண்ட ஏரி அது. மண்ணும் கசடும் அங்கே அடியில் படிந்தன. தெளிந்த தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்குப் போயிற்று. பிறகு, பூமிக்கு அடியில் அமைத்த கால்வாய்கள் வழியாக ஊருக்குள் இருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும் சென்றது. இந்த ஏற்பாட்டுக்கு 'ஜலசூத்திரம்' என்று பெயர்.

தேங்கி நின்ற தண்ணீர் எப்படி நல்ல தண்ணீர் ஆயிற்று? மண் படிந்தது மட்டும்தான் காரணமா?

இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்களும் அங்கே வேலை செய்கின்றன!

நல்லவை, கெட்டவை

குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அது ஓர் உலகம். ஒரே சொட்டில் பல ஆயிரம் பாக்டீரியாக்கள் இருக்கும்.

அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. உதிர்ந்த இலையையும், செத்த பூச்சியையும் அவை மக்கச் செய்கின்றன. பாக்டீரியாக்களையே விழுங்கும் சிற்றுயிர்களும் அதே தண்ணீரில் உண்டு.

மனிதனின் குடலில் வளரும் நோய்க் கிருமிகளுக்குக் குளம் ஓர் அந்நிய நாடு. அங்கே வெயில் சுடும், இரை சரியாகக் கிடைக்காது, எதிரிகள் அதிகம். ஆகவே நாளாக நாளாக அவை குறைந்து போகின்றன.

ஆனால், மலமும் அழுக்கும் நாள்தோறும் வந்து கலந்தால்? நல்ல உயிர்களால் சமாளிக்க முடியாது. கெட்ட கிருமிகளின் கை ஓங்கி விடும்.

கல்கத்தா குளம்

1884-ல் கல்கத்தாவில் இது கண்கூடாகத் தெரிந்தது. காலரா என்னும் வாந்திபேதிக்குக் காரணம் தேடி, ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அங்கே வந்திருந்தார். ஒரு குளத்தைச் சுற்றி வசித்தவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்தக் குளத்தில்தான் அவர்கள் குளித்தார்கள். அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். காலராவில் இறந்தவரின் துணியையும் அதிலேதான் துவைத்தார்கள். காக் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். காலராக் கிருமி அதில் இருந்தது!

மணல் செய்த அதிசயம்

எட்டு ஆண்டுகள் கழித்து, 1892-ல், ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியது. எல்பா ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்த ஊர் அது. சுமார் 8,600 பேர் மாண்டார்கள்.

அதை ஒட்டியே இருந்தது அல்டோனா என்ற ஊர். அங்கேயும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். அதுவும், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வந்த தண்ணீர்! ஆனால் அங்கே சாவு மிகக் குறைவு. காரணம் என்ன? அல்டோனாவில் தண்ணீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள்.

மணலின் மேல் வழவழப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அது முழுவதும் உயிர்கள். மேலிருந்து மெல்ல இறங்கும் தண்ணீரில் உள்ள நோய்க் கிருமிகளை அவை பிடித்து அழித்து விடுகின்றன.

கொள்ளிடம் ஆற்று மணலிலும் இதே வேலை நடக்கிறது. இன்று தஞ்சை நகருக்குக் கொள்ளிடத்திலிருந்து குடிதண்ணீர் வருகிறது. ஆற்று மணல் வீடு கட்ட மட்டும் அல்ல. அது நாம் குடிக்கும் தண்ணீரின் வடிகட்டி. மணலை ஒட்டச் சுரண்டி விட்டால் அந்த வடிகட்டியும் போய் விடும்.

பச்சைப் படலம்

தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் தருவது மேட்டூர் அணை. 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. அண்மை ஆண்டுகளில் அதன் நீர்த்தேக்கத்தில் பச்சைப் பச்சையாகப் படலம் மிதந்தது உண்டு. துர்நாற்றம் தாங்காமல் கரையோர மக்கள் மூக்கைப் பிடித்தார்கள். படலத்தை அழிக்க, வேறு வகை நுண்ணுயிர்கள் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். கிருமியைக் கொண்டே கிருமியை அடக்கும் முயற்சி அது!

இப்படிப்பட்ட படலத்தை உண்டாக்குவது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயரே தவிர, அதுவும் ஒரு வகை பாக்டீரியாதான். சாக்கடையும், வயலில் இருந்து வழியும் உரமும் அதற்குத் தீனி. வெயிலும் சேர்ந்தால் மளமளவென்று பெருகி விடும்.

இந்தப் பாசியில் சில வகைகள் நஞ்சு சுரக்கின்றன. அது கல்லீரலைத் தாக்கும். கிருமி கொதியில் சாகும். ஆனால் இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது! ஆகவே, பச்சைப் படலம் மிதக்கும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஆடு மாடுகளையும் குடிக்க விடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக வரும்போது, பானையின் உட்புறம் தேற்றான் கொட்டையைத் தேய்ப்பது பழைய வழக்கம். கலங்கல் படியும். அதோடு கிருமிகளும் ஓரளவு படியும். ஆனால் எல்லாக் கிருமியும் போகாது. தெளிந்த தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே நல்லது.

100 மில்லி குடிதண்ணீரில் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்திய அரசின் தர விதி. அதற்காகத்தான் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். லேசான மருந்து வாசனை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது காவல்காரனின் வாசனை.

ஆனால் வீட்டுத் தொட்டி திறந்து கிடந்தால் காவல்காரன் என்ன செய்வான்? தொட்டியை மூடி வையுங்கள். அடிக்கடி கழுவுங்கள். குடத்துக்குள் கையை விடாதீர்கள்.

குளத்திலும் ஆற்றிலும் நமக்காகக் கோடி உயிர்கள் உழைக்கின்றன. அவை கூலி கேட்பதில்லை. சாக்கடையை அங்கே விடாதிருந்தால் போதும்!